யமுனையின் உள்வாயில் ஒரு மனை

காலை 7.10, சரோஜினி நகர் டிப்போ. தில்லியில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன், தில்லிக்குள்ளேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்ததைப் பயணம் என்று எழுதினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது கிலோமீட்டர். போவதற்கு நாலு பஸ், ஒரு டெம்போ. ஆனால் அந்த முப்பது கிலோமீட்டருக்குள் பாறை, பழைய மண், புதிய மண், கடைசியில் ஆறு என்று பூமி நாலு முறை சட்டை மாற்றுகிறது. அதைக் கண் திறந்து பார்க்காமலே இத்தனை காலம் இங்கே சம்பளம் வாங்கியிருக்கிறேன். பார்த்திருந்தால் ஒரு குடும்பம் தப்பித்திருக்கும்.

அந்தக் குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கருப்பையா அண்ணன் பரமக்குடிப் பக்கத்துக்காரர். எங்கள் அமைச்சகத்தில் வேறொரு பிரிவில் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். யமுனைக்குப் பக்கத்தில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்து மனை. அவர் வீடு கட்டினார், நான் கட்டவில்லை. செப்டம்பரில் ஆறு ஏறி அவர் வீட்டுக்குள் நெஞ்சளவுத் தண்ணீர் மூன்று நாள் நின்றது. இது அக்டோபர் கடைசி. இதுவரை நான் எட்டிப் பார்க்கவில்லை. முதல் வாரம் காய்ச்சல் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். அப்புறம் அதுவும் இல்லை.

இன்றைக்குப் போவது நலம் விசாரிக்க அல்ல. அந்த இடத்தை வாங்கச் சொன்னவன் நான் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வர வேண்டும். இரண்டு முறை டிப்போ வரை வந்து திரும்பிப் போயிருக்கிறேன். இன்றைக்கு என் மனைவி தையல்நாயகி இரண்டு போர்வை, ஒரு டின் சாம்பார்ப் பொடி, ஐந்து கிலோ புழுங்கல் அரிசி என்று கையில் கொடுத்துவிட்டதால் திரும்ப வழியில்லாமல் போயிற்று. "அப்புடியே நம்ம மனை எப்புடி இருக்குன்னும் பாத்துட்டு வாங்க" என்று வாசல் வரை வந்து சொன்னாள்.

காலை 8.05, ரிட்ஜ். தௌலா குவாவில் இறங்கி, கரோல் பாக் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். டிக்கெட் ஐந்து ரூபாய். அரிசிப் பைக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் கொஞ்சம் பாடினார். பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டார்.

ராஜஸ்தானிலிருந்து வரும் ஆரவல்லி மலை தில்லிக்குள் வந்துதான் முடிகிறது. அந்த வாலின் நுனிக்குத்தான் ரிட்ஜ் என்று பெயர். மலை என்று சொன்னால் சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஏறினது தெரியாமல் பஸ் ஏறி, இறங்கினது தெரியாமல் இறங்கிவிடும். ஆனால் சாலையை வெட்டிய இடங்களில் பார்த்தால் பாறை வரிவரியாக நிற்கிறது, பழுப்பும் சிவப்புமாக. மேலே நாலு விரல்கடை சிவப்புச் சரளை மண். அதில் வளர்வது முழுக்கச் சீமைக் கருவேலம். இங்கே அதற்கு விலாயதி கீக்கர் என்று பெயர். கருப்பையா அண்ணன் தில்லிக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, எங்கள் ராமநாதபுரம் முள்ளைக் கொண்டுவந்து வளர்க்கவா ஒரு தலைநகரம் என்று கேட்டாராம். ஆனால் அவருக்கு ரிட்ஜ் பிடிக்கும். விடுமுறை நாளில் இங்கே வந்து சும்மா நடந்துவிட்டுப் போவார்.

எங்கள் சரோஜினி நகர், பக்கத்து மோதி பாக் குடியிருப்புகளெல்லாம் இந்தப் பாறையின் சரிவில் இருப்பவை. எத்தனை மழை கொட்டினாலும் எங்கள் தெருவில் அரைமணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். அரசாங்கம் தன் குமாஸ்தாவைக்கூட மேட்டில்தான் குடிவைத்திருக்கிறது. அந்தக் குமாஸ்தாதான் பள்ளத்தைத் தேடிப் போனான்.

அது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அப்புறம் எங்கே போவது என்ற பயம் எங்கள் ஆபீஸ் தமிழர்களுக்குள் அம்மை போலப் பரவிய சமயம். கருப்பையா அண்ணனுக்கு ஊரில் இருந்த நிலம் தம்பிகளிடம் போய்விட்டது. மகன் செந்தில் தில்லியில் பிறந்தவன், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது, ஊருக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆகவே இங்கேயே ஒரு மனை. இரண்டு இடம் விலைக்கு வந்தது. ஒன்று நரேலா பக்கம், இன்னொன்று ஆற்றோரம். மண் பார்க்க என்னைக் கூப்பிட்டார். நான் கும்பகோணத்துக்காரன், மூன்று போகம் விளையும் ஊர், எனக்குத் தெரியாத மண்ணா என்று அவருக்கு நினைப்பு. எனக்கு அதைவிட நினைப்பு.

நரேலா மண் வெளிர்மஞ்சள். காய்ந்து இறுகிக் கிடந்தது. குச்சியால் குத்தினால் குச்சி ஒடிந்தது. இடையிடையே கோழி முட்டை அளவுக்குச் சுக்கான் கல். ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. இது மண்ணா செங்கல்லா என்று கேட்டுத் தூக்கி எறிந்தேன். கருப்பையா அண்ணன் அந்தக் கட்டியைப் போய் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "காஞ்சு கெடந்தாலும் மேடா இருக்கு தம்பி. எனக்குப் புடிச்சிருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆற்றோரம் போனோம். அந்த மண்ணைக் கையில் எடுத்ததும் எனக்குத் தலை கால் புரியவில்லை. சாம்பல் நிறம், மாவு மாதிரி நைசு, வெயிலில் திருப்பினால் மைக்கா என்கிற அபிரகம் மினுக்கியது. எச்சில் தொட்டுக் குழைத்துக் கட்டைவிரலால் தள்ளினேன். நாடா மாதிரி இரண்டு அங்குலம் நீண்டது. இப்படித் தள்ளிப் பார்ப்பது எங்கள் வீட்டு ஆண்கள் வரப்பில் நின்று செய்யும் வேலை. பத்தொன்பது வயதில் ஊரை விட்டு வந்த நான் ஒருநாளும் ஏர் பிடித்ததில்லை. கைக்கு அந்தத் தோரணை மட்டும் மறக்கவில்லை. நிலத்தை விற்ற விவசாயி அதைப் பார்த்து மகிழ்ந்துபோய், "சோனா ஹை, பாபுஜி" என்றான். தங்கம் என்று அர்த்தம். தர்பூசணி போட்டால் ஒரு காய் பத்துக் கிலோ என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நாங்கள் தர்பூசணி போட வரவில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கருப்பையா அண்ணன் மட்டும் மண்ணைத் தொடாமல் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது கம்மா உள்வாய் மாதிரில்ல தெரியுது" என்றார். அவர் ஊரில் கண்மாய்க் கரைக்கு உள்பக்கம், தண்ணீர் வந்து நிற்கும் இடத்துக்கு உள்வாய் என்று பெயர். கோடையில் வற்றி நல்ல நிலம் போலவே கிடக்குமாம். வெள்ளரி போடுவார்கள், குடிசை போடமாட்டார்கள்.

நான் சிரித்தேன். "தண்ணியக் கண்டாலே பயப்படற ஊர்லேர்ந்து வந்திருக்கீங்கண்ணே. ஆத்தங்கரையில பொறந்தவன் நான் சொல்றேன், வாங்குங்க" என்றேன். வாங்கினார். பக்கத்து மனையை நான் வாங்கினேன்.

என் முட்டாள்தனத்துக்கு ஒரு பூகோளக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துக் காவிரி ஓர் அரசாங்க ஊழியர் மாதிரி. மதகைத் திறந்தால் வரும், மூடினால் போகும், எப்போது லீவு என்பது முன்னாலேயே தெரியும். மீறி வெள்ளம் வந்தால் கொள்ளிடம் வாங்கிக்கொள்ளும். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலால் கரையோரப் படுகைதான் எங்கள் ஊரில் மேடான நிலம், விலை கூடிய நிலம். ஆற்றிலிருந்து தள்ளிப் போகப் போகத்தான் பள்ளம். யமுனையில் எல்லாம் தலைகீழ். ஆறு பள்ளத்தில் அகலமாகப் படுத்திருக்கிறது. மழைக்காலத்தில் எழுந்து உட்காரும், உட்காரும் இடமெல்லாம் அதனுடையது. இதற்கு ஒரு கொள்ளிடம் கிடையாது. தஞ்சாவூர்க்காரனைத் தவிர வேறு எவனும் ஆற்றை இவ்வளவு நம்பியிருக்கமாட்டான்.

காலை 9.20, காஷ்மீரி கேட். கரோல் பாக்கில் மாறி இங்கே வந்து சேர்ந்தேன். டிக்கெட் மறுபடி ஐந்து ரூபாய். பஸ் நிலையத்துக்கு வெளியே கேபிள் போட ஆளுயரப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அதே வெளிர்மஞ்சள் மண், அதே சுக்கான் கல். பள்ளத்தின் சுவர் ஓரிடத்திலும் சரியாமல் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றது. நரேலாவில் நான் தூக்கி எறிந்த கட்டியின் அண்ணன் தம்பிகள்.

இந்தப் பழைய மண்ணுக்கு இங்கே பாங்கர் என்று பெயர். பல்லாயிரம் வருஷத்துக்கு முன் ஆறு போட்டுவிட்டுப் போய், இனி ஏறி வர முடியாத உயரத்தில் கெட்டித்துப்போன வண்டல். தில்லியை ஆண்டவர்கள் எல்லோரும் ரிட்ஜின் பாறையையும் இந்த மேட்டையும் விட்டு இறங்கவில்லை. செங்கோட்டைகூட ஆற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மேட்டில் நின்று பார்த்தது. ஆறு இப்போதும் போய்வரும் தாழ்ந்த புது மண்ணுக்குப் பெயர் காதர். அதில் விவசாயம் செய்தார்கள், வேட்டையாடினார்கள், துணி துவைத்தார்கள். வீடு கட்டவில்லை.

இவ்வளவு விவரமும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அதைத்தான் கருப்பையா அண்ணனிடம் சொல்லப் போகிறேன். போன வருஷம் ஆகஸ்டில், மழைக்காலம் நடந்துகொண்டிருந்தபோது, மண் ஆய்வு அறிக்கை ஒன்று என் மேஜைக்கு வந்தது. பிழை பார்த்து அனுப்புவது என் வேலை. பதினோராம் பக்கமோ என்னவோ, தில்லி சமவெளியின் மண் வகைகள். காதரைப் பற்றி ஒரு பத்தி: வளமானது, நைசானது, அபிரகம் கலந்தது, கட்டடத்துக்கு ஆகாது, ஆறு திரும்ப எடுத்துக்கொள்ளும். கூடவே ஒரு வரைபடம். எங்கள் மனை இருந்த கிராமத்தின் பெயர் வரைபடத்தில் புஷ்தாவுக்கு அந்தப் பக்கம், ஆற்றின் பக்கம் இருந்தது. புஷ்தா என்றால் வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட மண் கரை. அதாவது நாங்கள் வாங்கியது கரைக்கு உள்ளே, கருப்பையா அண்ணன் சொன்ன அதே உள்வாயில்.

அந்தப் பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதே சாயங்காலம் கருப்பையா அண்ணன் வீட்டு வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேன்டீனுக்கு வந்தார். எந்தப் பக்கம் சமையலறை வைக்கலாம் என்று கேட்டார். தென்கிழக்கு என்றேன். ஏழு வருஷமாக அந்த உள்வாய்ப் பேச்சைச் சொல்லிச் சொல்லி ஆபீஸில் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். அவர் சொன்னதுதான் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என் மனைக்கும் விலை இறங்கிவிடும் என்ற நினைப்பும் இருந்தது. பல வருஷமாக ஏறாத ஆறு இனிமேலா ஏறப்போகிறது என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். நான் மட்டும் கட்டவில்லை. கேட்டவர்களிடம் என் பெண்ணின் படிப்புச் செலவு என்று சொன்னேன்.

காலை 10.15, வஜீராபாத். பஸ்ஸிலிருந்து இறங்கி டெம்போவில் ஏறினேன். ஆளுக்கு மூன்று ரூபாய், ஆறு பேர் இடத்தில் பதினோரு பேர். என் பக்கத்தில் காதரில் குத்தகைக்குப் பயிர் செய்யும் ஓர் அம்மாள், மடியில் முள்ளங்கி விதைப் பையோடு. வெள்ளத்தில் சேதமா என்று ஹிந்தியில் கேட்டேன். கூரையையும் கட்டிலையும் இரண்டு நாள் முன்னாலேயே புஷ்தாவுக்கு ஏற்றிவிட்டோம், மேலே ஹரியானாவில் அணையைத் திறந்துவிட்டால் இங்கே வர இரண்டு நாள் ஆகுமே என்றாள். நின்ற பயிர் போயிற்று. ஆனால் மூன்று விரல் புது மண் போட்டுவிட்டுப் போயிருக்கிறது, இந்த வருஷம் உரமே வேண்டாம் என்றாள். எங்கே போகிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். இடத்தைச் சொன்னேன். அங்கே செங்கல் வைத்துக் கட்டியவர்கள் பாவம் என்று சொல்லிவிட்டு, அவர்களிடம் யாரும் சொல்லவில்லையா என்று கேட்டாள். எனக்கு ஹிந்தி புரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

காலை 10.50. டெம்போவிலிருந்து புஷ்தாவின் மேல் இறங்கி ஒருமுறை நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் வீடுகள், கடைகள், தண்ணீர்த் தொட்டி. அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று காதர். இத்தனை துக்கத்திலும் சொல்லத்தான் வேண்டும், அந்த மண் அழகு. வெள்ளம் வடிந்து ஐந்து வாரம்தான் ஆகிறது, அதற்குள் கீரையும் முள்ளங்கியும் நெருக்கியடித்து முளைத்திருக்கின்றன. சாய்வில் இறங்கி நடந்தேன். பயிர் வைக்காத இடங்களில் புது வண்டல் காய்ந்து, சுட்ட அப்பளம் போல ஓரம் சுருண்டு, காலடியில் நொறுங்கியது. பெயர்த்துப் பார்த்தால் அடியில் இன்னும் ஈரம். அதற்கும் அடியில் வெறும் மணல். அஸ்திவாரம் அந்த மணலில்தான் நிற்கிறது. நான் அன்றைக்கு மேல் மண்ணைத்தான் தள்ளிப் பார்த்தேன், ஒரு முழம் தோண்டிப் பார்க்கவில்லை.

இப்படிக் கால்மணி நேரம் நடந்தால் எங்கள் தெரு. பதினாலு மனை, அதில் ஐந்து வீடு. கருப்பையா அண்ணன் வீட்டின் இளநீலச் சுவரில் ஜன்னல் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்கு மேலே இன்னும் புது வீடு, கீழே பழைய வீடு. வடகிழக்கு மூலை அமிழ்ந்து, சுவரில் கை நுழையும் வெடிப்பு. என் மனையில் இடுப்புயரத்துக்கு மண் கொட்டிப் பரத்தியிருந்தது.

என்னைப் பார்த்ததும் கருப்பையா அண்ணன் மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்து பைகளை வாங்கிக்கொண்டார். மெலிந்திருந்தார். முதலில் அவர் மன்னிப்புக் கேட்டார். "வீட்டுக்குள்ள கெடந்த சேற அள்ளிப் போட வேற எடமில்ல. ஒங்க மனையிலதான் கொட்டினோம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். கேட்காமல் கொட்டியது தப்புத்தானே என்று வேறு சொன்னார். பரவாயில்லை அண்ணே என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

உள்ளே அவர் மனைவி முத்துலட்சுமி அண்ணி தேநீர் போட்டார். மின்சாரம் வரவில்லை. கதவுகள் ஊறி உப்பிப் போனதால் கழற்றி வெளியே சாய்த்திருந்தார்கள். வெள்ளம் வந்த கதையை அண்ணி சொன்னார். காலையில் வாய்க்காலில் தண்ணீர் திரும்பி ஓடியதைப் பார்த்தார்களாம். மத்தியானம் வாசலுக்கு வந்தது. மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி, பிறகு படகு, புஷ்தாவில் கூடாரம். செந்தில் முனிர்காவில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான், இந்த வீட்டில் இனிமேல் கால் வைக்கமாட்டேன் என்று அப்பாவிடம் ஹிந்தியில் சொன்னானாம். பெற்றவரோடு சண்டை போட அவனுக்குத் தமிழ் போதாது. அண்ணன் மறுபடி பூசி வெள்ளையடித்து இங்கேயே இருந்துவிடலாம் என்கிறார். அவருடைய பி.எஃப். பணம் முழுக்க அந்தச் சுவர்களில் இருக்கிறது.

பிறகு அண்ணி சாதாரணமாகத்தான் கேட்டார். "நீங்க நல்லவேளை கட்டல. ஏன் தம்பி கட்டல?"

பெண்ணின் படிப்பு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தனை பழக்கம். தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, எனக்குத் தெரியும். ஆத்துக்குள்ள இருக்கற எடம்னு ஒரு ரிப்போர்ட் என் டேபிளுக்கு வந்துச்சு. நீங்க கட்டறதுக்கு முன்னாடியே வந்துச்சு. படிச்சேன். ஒங்ககிட்ட சொல்லல."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். வரும் வழியெல்லாம் அதற்கான பதில்களைத் தயார் செய்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. நீண்ட லீவு விண்ணப்பத்தைச் சரிபார்க்கிற முகத்தோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த மாசம்?"

"ஆகஸ்டு."

"அஸ்திவாரத்துக்குக் கடப்பாரை போட்டது அக்டோபர் பதினாலு" என்றார். அவ்வளவுதான். எழுந்துபோய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

அண்ணி என் டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். என் பக்கம் திரும்பாமலே, "தை மாசம் பால் காச்சினப்ப ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சீங்களே தம்பி" என்றார். ஆமாம், குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தார்கள். புது வீட்டுச் சுண்ணாம்பு வாசனையோடு வாசலில் நின்று, காற்று நன்றாக வருகிறது என்றுகூடச் சொன்னேன்.

மத்தியானம் 12.40. சாப்பிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் சாப்பிடாமல் நான் எழுந்தது அதுதான் முதல் தடவை. வருகிறேன் என்று சொன்னேன். சரி என்று குனிந்தபடி சொன்னார். எந்த நாளும் கருப்பையா அண்ணன் பஸ் வரை வராமல் இருந்ததில்லை. மோதி பாக்கில் அவர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலும் சரி, இங்கே வந்த பிறகும் சரி, பஸ் கிளம்பி வளைவு திரும்பும் வரை நின்றுவிட்டுத்தான் திரும்புவார். நான் தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் சமையலறையிலிருந்து ஒரு கூடை மண் எடுத்துவந்து என் மனையில் கொட்டிவிட்டு உள்ளே போனார். மறுபடி வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்கவில்லை.

என் மனையில் கொட்டிய வண்டலில் யாரும் விதைக்காமலே கீரை முளைத்திருந்தது. போகும்போது கவனிக்கவில்லை, திரும்பும்போதுதான் கண்ணில் பட்டது.

புஷ்தாவில் டெம்போவுக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். வெயில் உறைக்கவில்லை. கீழே அந்த முள்ளங்கி அம்மாள் விதை தூவிக்கொண்டு போவது தெரிந்தது. அவளுக்கு ஆறு என்னவென்று தெரியும், அதனால் அவள் கூரையை மூங்கிலில் கட்டியிருக்கிறாள். கருப்பையா அண்ணனுக்கும் தெரிந்திருந்தது. தண்ணீரே இல்லாத ஊரில் பிறந்த மனிதருக்குத் தண்ணீர் எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்திருந்தது. தண்ணீரிலேயே வளர்ந்த ஒருவனின் வார்த்தைக்காக அவர் தன் புத்தியைத் தள்ளி வைத்தார். சொன்னால் மனம் லேசாகும் என்று நினைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். லேசாகவில்லை. எனக்குக் கனத்ததை அவருக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இனிமேல் அந்த வெடிப்பைப் பூசும்போதெல்லாம் அவர் ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் நடுவில் இருந்த நாட்களை நினைப்பார்.

சாயங்காலம் 4.50, மீண்டும் ரிட்ஜ். ஜன்னலோர இடம் கிடைத்தது. பாறை, சரளை, சீமைக் கருவேலம். இங்கே மண் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை, யாரிடமிருந்தும் எதையும் எடுத்துக்கொள்வதுமில்லை. எங்கள் ஊர் மண்ணில் நின்று பழகியவனுக்கு இதை மதிக்கத் தெரியாது. வளம் என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வளமான இடமெல்லாம் ஆறு ஒருநாள் வந்து படுத்துவிட்டுப் போன இடம்தான். மறுபடி எப்போது வருமென்று அது யாருக்கும் கடிதம் போடாது.

சாயங்காலம் 5.40, வீடு. தையல்நாயகி காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். மெலிந்துவிட்டார் என்றேன். அண்ணி போர்வையை வாங்கிக்கொண்டாரா என்று கேட்டாள். வாங்கிக்கொண்டார் என்றேன். நான் காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லியோடு இருப்பதை அவளிடம் சொல்லவில்லை. பிறகு, காலையிலிருந்து அவள் கேட்கக் காத்திருந்ததைக் கேட்டாள்.

"நம்ம மனை எப்புடி இருக்கு?"

அந்தத் தெருவிலேயே இப்போது நம்முடையதுதான் மேடு என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். காலி டம்ளரை வாங்கிக்கொண்டே, "நீங்க மண்ணு பாத்து வாங்கினதாச்சே" என்றாள்.